எடைக்குப் போடும் முன் ஒரு முறை அளக்க விடுங்கள்: வட ஆற்காட்டு உதிரிபாக வணிகர்களுக்கும் பட்டறைக்காரர்களுக்கும் ஒரு திறந்த மடல்

பெறுநர்: வேலூர், இராணிப்பேட்டை, திருப்பத்தூர் மாவட்டங்களைச் சேர்ந்த மோட்டார் உதிரிபாக வணிகர்கள், லேத் பட்டறை உரிமையாளர்கள், மெக்கானிக்குகள்.

மதிப்பிற்குரியீர், வணக்கம்.

அம்பாசிடர், பிரீமியர் பத்மினி, ஸ்டாண்டர்டு ஹெரால்டு ஆகிய கார்களுக்கென்று ஒரு காலத்தில் வாங்கி வைத்து, விற்காமல் தங்கிப்போன சரக்கு உங்களில் பலருடைய கடைப் பரணிலும் பின்கட்டு அலமாரியிலும் இன்னும் கிடக்கிறது. அந்தச் சரக்கைப் பழைய இரும்புக்காரரிடம் எடைக்குப் போட வேண்டாம் என்றும், இடநெருக்கடியால் போட்டே ஆகவேண்டும் என்ற நிலை வந்தால் அதற்கு முன் அதைப் பட்டியலிடவும் அளவெடுக்கவும் எங்களைப் போன்றவர்களுக்கு ஒரு வாய்ப்புத் தரவேண்டும் என்றும் கேட்டுக்கொள்வதற்காகவே இம்மடலை எழுதுகிறேன்.

நான் சத்துவாச்சாரியில் வசிப்பவன்; பழைய ஹெரால்டு கார் ஒன்றைச் சீர்செய்து ஓட்டி வருகிறேன். குடியாத்தம், ஆற்காடு, வாலாஜாபேட்டை பக்கங்களில் தந்தையோ தாத்தாவோ வாங்கிய காரை விற்க மனமில்லாமல் கொட்டகையில் நிறுத்தி வைத்திருக்கும் குடும்பங்கள் சிலவற்றை அறிவேன். இவர்களுக்கெல்லாம் ஒரு பொருள் தேவைப்பட்டால் சென்னைப் புதுப்பேட்டைக்கோ பெங்களூரு ஜே.சி. சாலைக்கோதான் போகிறார்கள். இரண்டு நகரங்களுக்கும் நடுவே உட்கார்ந்திருக்கும் நம் ஊரில், அதே பொருள் நான்கு தெரு தள்ளி ஓர் அலமாரியில் இருந்ததைப் பின்னால் கேள்விப்படுவது எங்களுக்கு வழக்கமாகிவிட்டது. வேலூரில் ஒரு கடையை மகன் பொறுப்பேற்றதும் பரணைக் காலிசெய்தார்கள். அட்டைப்பெட்டி பிரிக்காத பேரிங் செட்டுகளும் வாட்டர் பம்ப் கிட்டுகளும் இரும்போடு இரும்பாகத் தராசில் ஏறின என்று அங்கு வேலைபார்த்தவரே எனக்குச் சொன்னார். அந்தக் கடைக்காரர் மேல் எனக்குக் குறையில்லை. வாடகை கொடுப்பவருக்குத்தான் இடத்தின் அருமை தெரியும்.

ஆனால் காலம் இப்போது வேறாக இருக்கிறது என்பதை நீங்கள் கருத வேண்டும். இவ்வளவு நாளும் இந்தக் கார்களின் உதிரிபாகங்கள் கிடைத்துவந்ததற்கு எங்களைப் போன்ற ஆர்வலர்கள் காரணமில்லை, டாக்சிகளே காரணம். பம்பாயில் ஆயிரக்கணக்கான பத்மினி டாக்சிகள் ஓடியவரை அவற்றுக்கு பிரேக் ஷூவும் கிளட்ச் பிளேட்டும் செய்து தரச் சிறு தொழிற்கூடங்கள் இருந்தன. அங்கே கடைசிப் பத்மினி டாக்சியின் இருபது ஆண்டு அனுமதி 2023 அக்டோபரில் முடிந்துபோயிற்று. அம்பாசிடரின் உற்பத்தி உத்தர்பாரா ஆலையில் 2014 மே மாதத்தோடு நின்றது. கொல்கத்தாவில் வாடகை வண்டிகளுக்குப் பதினைந்து ஆண்டுதான் வரம்பு என்பதால், இன்று அங்கு ஓடும் மஞ்சள் டாக்சிகளில் மிகப் புதியவைகூட இந்தப் பத்தாண்டு முடிவதற்குள் சாலையை விட்டு நீங்கிவிடும். ஓடும் வண்டி இல்லாவிட்டால் பொருள் செய்பவரும் இருக்கமாட்டார். எனவே உங்கள் அலமாரியில் இருப்பது விற்காத சரக்கு என்ற நிலையைக் கடந்து, திரும்பச் செய்யப்படாத சரக்கு என்ற நிலைக்கு வந்துவிட்டது.

கொல்கத்தாவைச் சொன்னதால் ஒன்றை இங்கேயே சொல்லிவிடுகிறேன். சி.எம்.சி. மருத்துவமனைக்காக வங்காளத்திலிருந்து காட்பாடிக்கு வந்திறங்கும் குடும்பங்களைப் பார்க்காத வேலூர்க்காரர் யாரும் இல்லை. அந்த நகரத்து மல்லிக் பஜாரில் அம்பாசிடர் பாகங்கள் இன்னமும் புழங்குகின்றன. நம் ஊர் வணிகர்கள் யாரேனும் அங்குள்ள வணிகர் ஒருவரோடு தொடர்பு ஏற்படுத்திக்கொண்டு, டாக்சிகள் ஓடும் இந்தச் சில ஆண்டுகளுக்குள் தேவையானவற்றை வரவழைத்து வைத்தால், தென்னிந்தியா முழுவதிலிருந்தும் அவரைத் தேடி ஆள் வரும் என்று நம்புகிறேன்.

பழைய சரக்கில் எது மதிப்புள்ளது என்பதில்தான் பலருக்கும் ஐயம். பேரிங் செட்டை எடுத்துக்கொள்வோம். கிராங்க் ஷாஃப்டைக் கிரைண்ட் செய்யும்போது ஓர் அங்குலத்தின் ஆயிரத்தில் பத்துப் பங்கு, இருபது, முப்பது, நாற்பது என்று படிப்படியாகக் குறைப்பார்கள் என்பதும், ஒவ்வொரு படிக்கும் தனி பேரிங் உண்டு என்பதும் நீங்கள் அறிந்ததே. அந்நாளில் ஸ்டாண்டர்டும் (குறைக்காத அளவு) பத்தும் முதலில் விற்றுப்போயின. யாரும் கேட்காத முப்பதும் நாற்பதும் தங்கின. அறுபது வயதான என்ஜின்கள் இரண்டு மூன்று முறை கிரைண்டிங் பார்த்தவை. அவற்றுக்கு இன்று தேவைப்படுவது அந்த முப்பதும் நாற்பதும்தான். பிஸ்டனும் அப்படியே. அம்பாசிடரின் 1489 சி.சி. பெட்ரோல் என்ஜினில் சிலிண்டர் துளையின் தொடக்க விட்டம் 73.025 மில்லிமீட்டர், தேய்ந்த துளையைப் பெரிதாக்கிக் கடைந்துவிட்டதால் ஸ்டாண்டர்டு அளவுப் பிஸ்டனைத் தேடுபவர் குறைவு, பெரிய ஓவர்சைஸைத் தேடுபவரே அதிகம். விற்காது என்று ஒதுக்கிய அளவுகளை முதலில் எடுத்து வையுங்கள் என்பதே என் வேண்டுகோள்.

விற்பதற்கு ஒரே ஒரு உருப்படிதான் இருக்கிறது, அதற்காக யார் மெனக்கெடுவது என்று நினைக்கலாம். புதிதாக உள்ள ஒரே உருப்படிக்கு விற்பனை விலையைவிடப் பெரிய பயன் ஒன்று உண்டு. லேத் பட்டறைக்காரர்கள் இதை உடனே ஒப்புக்கொள்வார்கள். ஒரு வாடிக்கையாளர் பத்மினியின் முன்சக்கரம் திரும்பும் அச்சான கிங்பின்னைத் தாங்கும், தேய்ந்துபோன புஷ்ஷைக் கழற்றிக் கொண்டுவந்து, இதைப் போலவே கன்மெட்டல் என்ற வெண்கலத்தில் ஒன்று போட்டுக் கொடுங்கள் என்கிறார். அந்தப் புஷ்ஷின் உட்பக்கம் முட்டை வடிவமாகத் தேய்ந்திருக்கும்; வெளிப்பக்கமும் கூட்டுக்குள் ஆடி ஆடிச் சற்றுக் குறைந்திருக்கும். அதை வெர்னியரில் பிடித்து அதே அளவில் கடைந்தால், தேய்மானத்தையும் சேர்த்தே நகலெடுத்ததாகிவிடும். விவரம் தெரிந்த லேத்காரர் கிங்பின்னையும் கேட்டு வாங்கி, புஷ் உரசாத அதன் ஓரத்தில் அளவெடுத்து, அதிலிருந்து உட்துளையைக் கணக்கிடுவார்; புஷ்ஷை அழுத்திப் பொருத்திய பிறகே, துளையைச் சரியளவாக்கும் ரீமரை ஓட்டி முடிப்பார். கிங்பின்னின் ஓரமும் துருப்பிடித்திருந்தால் அவரும் கைவிரிக்க வேண்டியதுதான். அந்த நேரத்தில் நகரில் எங்கோ ஒரு பெட்டிக்குள் பிரிக்காத புஷ் ஒன்று இருந்தால், அதை விற்க வேண்டியதில்லை. கால் மணி நேரம் மைக்ரோமீட்டரில் அளக்க விட்டால் போதும். அந்த ஓர் அளவைக் கொண்டு எத்தனை புஷ் வேண்டுமானாலும் கடைந்துகொள்ளலாம்.

லேத் பட்டறை நடத்துபவர்களிடம் இதையொட்டி ஒன்று கேட்கிறேன். பழைய காருக்கு நீங்கள் எதைச் செய்து கொடுத்தாலும், அதன் அளவையும் உலோகத்தையும் எந்த மாடலுக்குச் செய்தது என்பதையும் ஒரு நோட்டில் குறித்து வையுங்கள். படம் வரையத் தேவையில்லை. பெஞ்சில் வைத்துக் கைப்பேசியில் ஒரு படம், கீழே நான்கு எண்கள், அவ்வளவுதான். பித்தளையா, கன்மெட்டலா, பாஸ்பர் பிரான்ஸா என்ற ஒரு சொல் விட்டுப்போனால் அடுத்தவர் மறுபடி முதலிலிருந்து தொடங்க நேரிடும். இராணிப்பேட்டையில் பெல் நிறுவனத்தைச் சுற்றி வளர்ந்த துணைத் தொழிற்கூடங்களால் இந்த வட்டாரத்தில் துல்லியமாகக் கடையவும் வெல்டிங் வைக்கவும் தெரிந்த கைகளுக்குப் பஞ்சமில்லை. சீட்டுக்குத் தோல் வேண்டும் என்றால் ஆம்பூர் இருக்கிறது. ஷூவுக்குப் பதனிட்ட தோலைக் காரில் போட்டுவிடாமல், சீட்டுக்குரிய கனத்திலும் அகலத்திலும் கேட்டு வாங்கினால் சரி. கைத்திறன் இங்கே உண்டு. எண்களும் அளவுகளும்தான் கைக்கு எட்டுவதில்லை.

மெக்கானிக்குகளுக்கு எழுதும்போது கொஞ்சம் தயக்கத்தோடுதான் எழுதுகிறேன், ஏனென்றால் உங்களிடம் கற்றுக்கொண்டவன் நான். ஆயினும் ஹெரால்டு வைத்திருப்பவன் என்ற முறையில் ஒன்றைச் சொல்லாமல் இருக்க முடியவில்லை. சென்னையை அடுத்த வண்டலூரில் தயாரான அந்தக் காரின் முன்சக்கர அமைப்பில், மரை வெட்டிய இரும்புத் தண்டு ஒன்று டிரனியன் என்ற பித்தளைக் கூட்டுக்குள் திருகி நிற்கும். ஸ்டியரிங்கைத் திருப்பும்போதெல்லாம் அந்த மரையே சுழலும். மற்ற வண்டிகளில் நிப்பிளைப் பார்த்ததும் கிரீஸ் கன்னை வைக்கும் பழக்கத்தில் இதற்கும் கிரீஸ் அடித்துவிடுகிறார்கள். இதற்குப் போட வேண்டியது 90 எண் கியர் ஆயில். கிரீஸ் மரைக்குள் இறங்காமல் மேலேயே இறுகிவிடும். மழைநீர் உள்ளே தங்கித் தண்டு துருப்பிடிக்கும். ஒருநாள் வளைவில் திரும்பும்போது தண்டு முறிந்து சக்கரம் மடங்கிவிடும். தயாரிப்பாளரின் கையேட்டில் தெளிவாக உள்ள செய்திதான் இது. கையேடு யாரிடமும் இல்லாததால் கார்களே அழிகின்றன.

போல்ட்டு நட்டுகளிலும் இதே கதை. ஹெரால்டும் அம்பாசிடரும் அங்குலக் கணக்கில் வடிவமைக்கப்பட்ட பிரிட்டிஷ் வழிவந்தவை. பத்மினி இத்தாலிய பியட் 1100 வழிவந்தது, அது மெட்ரிக். அரை அங்குல நட்டு 12.7 மில்லிமீட்டர், அதன்மேல் 13 ஸ்பேனரைப் போட்டால் முதல் தடவை கழன்றுவிடும், நான்காவது தடவை முனைகள் மழுங்கி உளிக்குத்தான் வேலை. பிரேக் சிலிண்டரில் இது உயிர்ப் பிரச்சினை ஆகிறது. 7/8 அங்குலத் துளை 22.2 மில்லிமீட்டர். 22 மில்லிமீட்டருக்கான ரப்பர் கப் அதற்குள் அழகாக உட்கார்ந்துகொள்ளும். பிரேக் ஆயில் கசியும்போதுதான் வேறுபாடு தெரியும். ஆகவே கப்பை வெறும் கண்ணால் ஒப்பிட்டுக் கொடுக்காமல், அதன்மேல் அச்சிட்டிருக்கும் எண்ணைப் படித்துப் பார்த்துக் கொடுங்கள் என்று வணிகர்களைக் கேட்டுக்கொள்கிறேன்.

அந்த எண்களைப் பற்றி இன்னும் கொஞ்சம். இந்தக் கார்களின் பாகங்களில் பெரும்பகுதி நமக்கு அருகிலேயே செய்யப்பட்டவை. டைனமோவும் ஸ்டார்ட்டரும் டிஸ்ட்ரிபியூட்டரும் சென்னைப் பாடியிலுள்ள லூகாஸ் டி.வி.எஸ். தந்தவை; பிரேக் பாகங்கள் பிரேக்ஸ் இந்தியாவினுடையவை, அந்நிறுவனத்தின் வார்ப்பாலை நம் சோளிங்கரில்தான் இருக்கிறது; பிஸ்டனும் ரிங்கும் செம்பியத்து இந்தியா பிஸ்டன்ஸிலிருந்து வந்தன. பிரிட்டிஷ் நிறுவனங்களின் தொழில்நுட்பத்தில் உருவானவை என்பதால், பெட்டியின் மேலுள்ள எண்ணைக் கொண்டு அதே பாகம் வேறு எந்தக் காருக்குப் பொருந்தும் என்று பெரும்பாலும் கண்டுபிடித்துவிடலாம். அம்பாசிடரின் என்ஜின் மோரிஸ் ஆக்ஸ்போர்டில் மட்டுமின்றி எம்.ஜி.ஏ. 1500 என்ற விளையாட்டுக் காரிலும் இருந்த அதே குடும்பம். ஹெரால்டின் முன்சக்கர அமைப்பு டிரையம்ப் ஸ்பிட்பயருக்கும் நெருங்கிய உறவு. அந்தக் கார்களை இங்கிலாந்தில் இன்றும் போற்றிப் பராமரிப்பவர்கள் ஏராளம். புதிய பாகங்களும் அங்கே செய்யப்படுகின்றன. எல்லாம் அப்படியே பொருந்திவிடும் என்று நான் சொல்லவில்லை. எண்ணை ஒப்பிட்டு, அளவை ஒப்பிட்டு, அதன் பிறகே பணம் அனுப்ப வேண்டும். அதற்கு உங்கள் கடைகளில் எலி கடித்துக் கிடக்கும் பார்ட்ஸ் புத்தகங்கள் பெருந்துணை. அவற்றைத் தயவுசெய்து பொட்டலம் மடிக்கக் கொடுத்துவிடாதீர்கள்.

பழைய சரக்கு எல்லாமே பொன் என்று உங்களை நம்பவைக்கும் எண்ணமும் எனக்கில்லை. ரப்பர் பொருள்கள் பெட்டிக்குள் இருந்தாலும் முதுமை அடைகின்றன. முப்பது ஆண்டுக்கு முந்தைய பிரேக் கப், ஹோஸ், என்ஜின் மவுண்டிங் ஆகியவற்றை ஓடும் வண்டிக்கு விற்பது சரியில்லை. அளவுக்கு மட்டும் வைத்துக்கொள்ளலாம். எரிபொருள் பாகங்களில் மேலும் ஒரு சிக்கல் சேர்ந்திருக்கிறது. இப்போது பெட்ரோல் பங்க்குகளில் கிடைப்பது 20 விழுக்காடு வரை எத்தனால் கலந்த பெட்ரோல். பழைய ரப்பர் ஹோஸும் பெட்ரோல் பம்ப்பின் டயஃப்ரமும் அதில் ஊறி உப்பியோ இளகியோ வீணாகின்றன. எத்தனால் ஈரத்தை இழுப்பதால் நீண்டநாள் நிறுத்தி வைக்கும் காரின் டேங்கும் கார்புரேட்டரும் உள்ளுக்குள் அரிக்கப்படுகின்றன. சூடான என்ஜின்மேல் பெட்ரோல் சொட்டினால் என்ன ஆகும் என்பதை உங்களுக்கு நான் விளக்க வேண்டியதில்லை. எத்தனாலைத் தாங்கும் விட்டான் வகை ரப்பரில் ஆன ஹோஸையும் புதிய டயஃப்ரத்தையும் நீங்கள் இருப்பு வைத்தால், பழைய கார்க்காரர்கள் மட்டுமல்லாமல் பழைய பைக் வைத்திருப்பவர்களும் வாங்குவார்கள். இதேபோல் 2000-ஆம் ஆண்டில் ஈயம் கலந்த பெட்ரோல் நாடு முழுவதும் நிறுத்தப்பட்டபின், அக்கால வார்ப்பிரும்பு ஹெட்டுகளில் எக்ஸாஸ்ட் வால்வு அமரும் இடமான சீட் விரைவில் தேய்கிறது. ஹெட்டைக் கழற்றும்போதே அந்த இடத்தில் கடினமான உலோக வளையம் (சீட் இன்சர்ட்) வைத்துவிட்டால் அந்தத் தொல்லை தீரும். அதை நன்றாகச் செய்யத் தெரிந்த பட்டறைகள், செய்வோம் என்று சொல்லிக்கொண்டால்தானே எங்களுக்குத் தெரியும்.

அசல் பாகம் எதற்கு, வேறு வண்டியின் என்ஜினைத் தூக்கி வைத்தால் ஓடாதா என்று சிலர் கேட்கிறார்கள். ஓடும். ஆனால் 2021-இல் மத்திய மோட்டார் வாகன விதிகளில் செய்யப்பட்ட திருத்தத்தின்படி, முதல் பதிவிலிருந்து ஐம்பது ஆண்டு கடந்த சொந்தப் பயன்பாட்டு வண்டிகளைப் பழம்பெரும் வாகனம் என்று தனியாகப் பதிவுசெய்துகொள்ளலாம்; பதிவு பத்து ஆண்டு செல்லும். சேசிஸிலும் பாடியிலும் என்ஜினிலும் பெரிய மாற்றம் இல்லாமல் முதல் வடிவிலேயே இருக்க வேண்டும் என்பது நிபந்தனை. டீசல் என்ஜின் மாற்றிய அம்பாசிடருக்கு அந்தக் கதவு அடைபட்டதுதான். ஒவ்வோர் ஆண்டும் இன்னும் சில கார்கள் ஐம்பதைத் தாண்டுகின்றன. அசல் பாகத்துக்கான தேவை அதோடு சேர்ந்து கூடும் என்பது வணிகர்களாகிய உங்களுக்கு எளிதில் புரியும்.

எங்கள் தரப்பின் குறைகளையும் மறைப்பதற்கில்லை. கடைக்கு வந்து அரைநாள் பரணைக் கிளறச் சொல்லிவிட்டு, பெட்டியில் 1985-இல் ஒட்டிய விலைச்சீட்டைக் காட்டி அதே விலைக்குக் கேட்பவர்கள் எங்களில் உண்டு. லேத் பட்டறையில் ஒரே ஒரு புஷ்ஷுக்கு இரண்டு மணி நேரம் செட்டிங் போட்டவரிடம் லாரி வேலையின் கூலியை ஒப்பிட்டுப் பேசுபவர்களும் உண்டு. ஒற்றை உருப்படி வேலைக்கு ஒற்றை உருப்படிக் கூலிதான் முறை. நாற்பது ஆண்டு இடம்கொடுத்துக் காத்த பொருளுக்குக் காத்த கூலியும் சேரத்தான் வேண்டும். விலையை நீங்கள் சொல்லுங்கள். கட்டுப்படியாகாதவர் வாங்காமல் போகட்டும்.

பட்டியலிடும் வேலையை உங்கள் தலையில் கட்டவும் விரும்பவில்லை. வேலூரிலும் காட்பாடியிலும் பழைய கார் வைத்திருக்கும் நாங்கள் சிலர், ஞாயிற்றுக்கிழமை காலையிலோ கடைக்கு விடுமுறை விடும் வேறு நாளிலோ, வெர்னியர், மைக்ரோமீட்டர், நோட்டு ஆகியவற்றோடு நேரில் வருகிறோம். ஏணியும் துடைக்கும் துணியும்கூட நாங்களே கொண்டுவருவோம். பெட்டியின் எண், பாகத்தின் பெயர், அளவு, எத்தனை உருப்படி என்பவற்றைக் குறித்து, படமெடுத்து, வைத்த இடத்திலேயே திரும்ப வைத்துவிட்டு, தட்டச்சு செய்த பட்டியலின் ஒரு படியை உங்களிடம் தருவோம். விற்பனைக்கு என்று நீங்கள் குறிப்பவற்றை மட்டும் தேவைப்படுவோருக்குத் தெரிவிப்போம். உங்கள் அனுமதியின்றிக் கடையின் பெயரை எவரிடமும் சொல்லமாட்டோம். பார்ட்ஸ் புத்தகம் இருந்தால் கடையிலேயே உட்கார்ந்து ஒவ்வொரு பக்கமாகப் படமெடுத்துக்கொண்டு அங்கேயே கொடுத்துவிட்டு வருவோம். வேலையை விட்டு ஓய்ந்திருக்கும் மூத்த மெக்கானிக்குகள், குறிப்பாக வெள்ளை உலோகம் வார்த்து பேரிங் ஊற்றிய அனுபவமும் கிங்பின்னுக்கு ரீமர் பிடித்த அனுபவமும் உள்ளவர்கள், இந்த வட்டாரத்தில் எங்கேனும் இருந்தால் அவர்களிடமும் எங்களை அழைத்துச் செல்லுங்கள். அவர்களுடைய நேரத்துக்கு உரிய தொகையைக் கொடுத்து, சொல்வதைச் சொன்னபடி எழுதி வைத்துக்கொள்வோம்.

பரணைக் காலிசெய்யும் எண்ணம் இந்த ஆண்டே உள்ளவர்கள் முதலில் தகவல் சொன்னால், அவர்கள் கடையிலிருந்தே தொடங்கிவிடலாம். எடைக்குப் போட்டால் என்ன கிடைக்குமோ அந்தத் தொகையை முன்பணமாகக் கொடுத்துவிட்டே பெட்டிகளைப் பிரிப்போம்.

இப்படிக்கு,
தங்கள் உண்மையுள்ள,
பழைய ஹெரால்டு கார் ஒன்றின் உரிமையாளர்,
சத்துவாச்சாரி, வேலூர்.